தலைமாட்டில் இல்லாத ஜன்னல்

பிரான்சுக்குப் போய்வந்தவர்கள் முதலில் அந்த இரும்புக் கோபுரத்தைப் பற்றித்தான் சொல்வார்கள். நானும் அதன் அடியில் நின்றேன். ரிவெட் அடித்த வேலை, குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த நாட்டில் என் கண் போய் ஒட்டிக்கொண்டது வேறொன்றில். காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு போகும் ஒரு சின்ன வீடு. ஒரே அறை. அதற்குள்ளேயே அடுப்பு, பாத்திரம் கழுவத் தொட்டி, இறக்கினால் கட்டிலாகிவிடும் மேசை. நம் ஊரில் கேரவன் என்றால் சினிமாக்காரர்கள் உட்கார்ந்து முகத்துக்குப் பூசிக்கொள்ளும் பஸ் என்று நினைப்பார்கள். அங்கே ரிட்டயரான வாத்தியார், தபால்காரர் எல்லாம் வைத்திருக்கிறார்கள். என் அக்கா ரோசாலி அதைக் 'கரவான்' என்று மூக்கால் சொல்வார்.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். காரைக்கால் தலத்தெருவில் பட்டறை வைத்திருக்கும் மரியதாஸ் நான்தான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை அனுப்பிவிட்டது. பின்னாளில் அதே பள்ளிக்கூடத்துக்குக் கேட்டும் கிரில்லும் நான்தான் போட்டேன். லாரிக்குப் பாடி கட்டுவேன், மாடிக்கு ஏணி செய்வேன், ஆனால் என் பெயர் நிற்பது ஜன்னலில். காரைக்காலில் திருடன் ஒரு வீட்டுக்குள் நுழைய முடியாமல் திரும்பிப் போனான் என்றால், பெரும்பாலும் அது என் ஜன்னலாக இருக்கும்.

பிரான்சுக்கு நான் ஊர் சுற்றப் போகவில்லை. அத்தான் இறந்து ஒரு மாதம் ஆனதற்கு வைத்த பூசைக்குப் போனேன். அத்தான் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். கல்யாணம் ஆன கையோடு அக்காவை அங்கே அழைத்துப் போய்விட்டார். பூசை முடிந்ததும் அக்கா என்னைத் தன் நாலாவது மாடி வீட்டில் தங்க வைக்கவில்லை. ஊருக்கு வெளியே ஓர் ஏரிக்கரையில், புல்தரையில் வரிசையாக நிற்கும் கரவான்களில் தன்னுடையதற்கு அழைத்துப் போனார்.

"மாடி வீட்டுல எனக்குத் தூக்கம் வரமாட்டேங்குதுடா தாசு. அத்தான் போனதுலேருந்து இங்கதான் படுக்குறேன்" என்றார்.

நான் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். பார்க்கப் பார்க்கக் குறைகள்தான் தெரிந்தன. பாத்திரம் கழுவும் தொட்டியின் தண்ணீர் வெளியே போக வழியில்லை. அடியில் ஒரு பிளாஸ்டிக் டாங்கியில் சேர்கிறது. காலையில் ஒவ்வொருவரும் அந்த டாங்கியைச் சக்கரத்தில் வைத்து, நாய்க்குட்டியைக் கூட்டிப் போவது போல இழுத்துக்கொண்டு போய், அதற்கென்று இருக்கும் இடத்தில் ஊற்றிவிட்டு வருகிறார்கள். "அழுக்குத் தண்ணியக் கூடவே வெச்சுக்கிட்டுத் தூங்குறீங்களே, வெள்ளக்காரனுக்கு வாட்டம்னா என்னன்னு தெரியாதா?" என்று கேட்டேன். வாட்டம் என்றால் தண்ணீர் தானாக ஓடத் தரைக்குக் கொடுக்கும் சரிவு. நம் ஊர்க் கொத்தனார் மற்றதில் எல்லாம் கோட்டை விடுவார், அதை விடமாட்டார்.

அதைவிடப் பெரிய குறை ஜன்னல். கட்டிலில் படுத்தால் தலையணைக்கு நேராக, காதுக்குப் பக்கத்தில் இருந்தது. கிரில் கிடையாது. புல்லும், பனியும், துண்டைத் தோளில் போட்டுக் குளிக்கப் போகிறவர்களின் கால்களும் படுத்தபடியே தெரிந்தன. அப்படியென்றால் போகிறவர்களுக்கும் நாம் தெரிவோமே! முதல் ராத்திரியே என் வேட்டியை அவிழ்த்து அந்த ஜன்னலை மூடிக் கட்டிவிட்டேன். மறுநாள் பக்கத்துக் கரவான் கிழவி அக்காவிடம் ஏதோ சொல்லிச் சிரித்தாள்.

"என்னவாம்?"

"உன் தம்பிக்கு எங்க மேல என்ன கோவம்னு கேக்குறா."

அக்காவும் சிரித்தார். அப்புறம் வேட்டியை மெதுவாக அவிழ்த்து மடித்து என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "கண்ணு முழிச்சா ஏதாவது ஒரு கால் நடந்து போவணும்டா. அதப் பாத்தா, சரி, உலகம் நடக்குதுன்னு திரும்பவும் தூங்கிடுவேன்."

நான் அதைக் காதில் வாங்கினேன். மனதில் வாங்கவில்லை. என் வாய் அப்போது, "இதென்ன கரவான், காரைக்காலுக்கு வா, நான் உனக்கு ஒண்ணு கட்டித் தர்றேன், இவனுங்க வந்து அளவெடுத்துட்டுப் போவானுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தது.

ஊருக்குத் திரும்பிய சில மாதங்களில் செய்தி வந்தது. அக்காவின் மகன் மிஷேல் கரவானை விற்றுவிட்டான். தப்பான பையன் இல்லை. வயதான அம்மா ஏரிக்கரையில் தனியாகப் படுத்திருந்தால் எந்த மகனுக்குத்தான் பயமாக இருக்காது? முதியோர் இல்லத்தில் இடம் கேட்டு எழுதிப் போட்டிருக்கிறானாம். அக்கா போனில் அழவில்லை. "தை மாசம் வர்றேன். அங்க எனக்குத் தூக்கம் வந்துச்சுன்னா அங்கயே இருந்துடுறேண்டா. வரலைன்னா அவன் சொல்ற எடத்துக்குப் போயிடுறேன்" என்றார். வாழ்நாளில் அக்கா என்னிடம் கேட்டது இது ஒன்றுதான்.

நான் விடுவேனா? மற்ற வேலையை எல்லாம் தள்ளிப் போட்டுவிட்டுப் பட்டறையில் கேரவன் கட்ட ஆரம்பித்தேன். அடிச்சட்டம் லாரி தாங்கும். மேலே அலுமினியத் தகடு, உள்ளே பிளைவுட். பிரான்சில் பார்த்த குறைகளை ஒவ்வொன்றாகத் தீர்த்தேன். தரை முழுவதும் பின்பக்கம் பார்த்து நல்ல வாட்டம். ஒரு வாளித் தண்ணீர் ஊற்றித் தள்ளினால் வீடு கழுவியது போலச் சுத்தமாகும், தண்ணீர் பின்மூலைக் குழாய் வழியே வெளியே போய்விடும். ஜன்னலைக் கூரைக்குக் கீழே ஒட்டி நீளமாக வைத்தேன். கிரில், கொசுவலை, பால் கண்ணாடி. வெளியே நிற்பவன் எக்கிப் பார்த்தாலும் உள்ளே படுத்திருக்கும் பெண்பிள்ளையின் முடிகூடத் தெரியாது. நம் ஊர் மரியாதை அது. என் மனைவி பிலோமி ஏறிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தாங்க இருக்கு, கொஞ்சம் கோழிப் பெட்டி மாதிரி" என்றாள். நான் அவளைச் சட்டை செய்யவில்லை.

அக்கா வந்தார். என் வீட்டில் ஏசி ரூம் கொடுத்தேன், தூக்கம் வரவில்லை. மொட்டைமாடி, வரவில்லை. இதற்காகத்தானே காத்திருந்தேன்! ஒரு காலையில் பட்டறைக்கு அழைத்துப் போய்த் தார்ப்பாயை உருவினேன். அக்கா கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். தகட்டைத் தடவிப் பார்த்தார். "தாசு, எனக்காகவாடா?" என்றபோது கண் கலங்கியிருந்தது. இந்தக் கட்டுரையில் நான் திரும்பத் திரும்பப் போய் நிற்கும் இடம் அதுதான். அந்த இடத்திலேயே நின்றிருக்கலாம். நான் ஜீப்பில் மாட்டி இழுத்துக்கொண்டு கிளம்பினேன்.

முதல் நாள் வரிச்சிக்குடி. அறுவடை நேரம். மிஷின் ஒரு பக்கம் கத்த, வயலெல்லாம் வைக்கோல் வாசம். ரோட்டின் பாதியில் நெல் காய்ந்தது, மீதிப் பாதியில் பஸ் போனது. எனக்குத் தெரிந்த ஒருவரின் களத்துக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தினேன். இரண்டு பையன்கள் டூவீலரை நிறுத்திவிட்டு, "ஷூட்டிங்கா தாத்தா? யாரு ஹீரோயினு?" என்றார்கள். ஜீப்பில் இருந்து அக்கா கையைத் தூக்கி, "நான்தாம்ப்பா" என்றார்.

பிலோமி உள்ளே போய்ப் படுக்கை விரித்தவள் உடனே வெளியே வந்தாள். "ஏங்க, தலமாடு வடக்க இருக்கு. வடக்க தல வெச்சு அண்ணிய எப்படிப் படுக்க வெக்கிறது?"

"திருப்பிப் போட்டுப் படுக்கச் சொல்லு."

"திருப்பிப் படுத்தா உங்க வாட்டத்துல தல கீழ, கால் மேல போவுது. ரத்தமெல்லாம் தலைக்கு ஏறிடாதா?"

நியாயம்தான். தரைக்கு வாட்டம் கொடுத்தபோது, அதன்மேல் நிற்கும் கட்டிலும் சேர்ந்து சரியும் என்பதை நான் கணக்கில் எடுத்திருக்கவில்லை. வீடென்றால் ஒரு திசையில் கட்டிவிட்டால் முடிந்தது. இது நிற்கிற இடத்துக்கெல்லாம் திசை மாறுகிற வீடு. ஆகவே வண்டியையே திருப்பி நிறுத்தினேன். அதில் ஏக ஆர்ப்பாட்டம், இரண்டு பஸ்காரர்களின் வசவு. திரும்பி நின்றதில் தண்ணீர்க் குழாய் ரோட்டுப் பக்கம் போனதை யாரும் பார்க்கவில்லை.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் பிலோமி மீன் கழுவி, தரையையும் ஒரு வாளி ஊற்றித் தள்ளிவிட்டாள். வாட்டம் என்றால் அப்படி ஒரு வாட்டம், சொட்டு நிற்கவில்லை. நான் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெளியே ஓர் அம்மாவின் குரல் வானத்தைப் பிளந்தது.

"யாருடா அவன், என் நெல்லுல மீன் கழுவுன தண்ணிய வுட்டவன்? கண்ணு இருக்கா இல்லியா?"

போய்ப் பார்த்தால், காய்ந்து குவிக்கக் காத்திருந்த நெல்லின் ஓரத்தில் செதிலும் தண்ணீரும். நான், "அம்மா, இது சுத்தமான வாட்டம்..." என்று தொடங்கினேன்.

"ஒன் வாட்டத்த ஒன் ஊட்டுல வெச்சுக்க. பெரிய மனுசன் மாதிரி வெள்ளச் சட்ட போட்டுக்கிட்டு அடுத்தவன் சோத்துல சாக்கடைய வுடுறியே!"

அக்காதான் இறங்கி வந்தார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, நனைந்த நெல்லைக் கையால் தனியே ஒதுக்க ஆரம்பித்தார். அந்த அம்மாவுக்குக் கோபம் இறங்கிவிட்டது. "நீங்க எந்திரிங்க பாட்டி, ஒங்களுக்கு என்ன தலையெழுத்து" என்று அவரும் குனிந்தார். கடைசியில் இருவரும் முட்டி வலியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"அதுக்குத்தாண்டா அங்க டாங்கி வெக்கிறாங்க" என்றார் அக்கா, கை கழுவும்போது. நான் கேட்காதது போல இருந்துகொண்டேன்.

காலையில் அக்காவின் கண் சிவந்திருந்தது. வாட்டத்தில் வழுக்கி வழுக்கிக் கால்மாட்டுக்கு வந்துவிடுகிறாராம். அதை ஒரு வேடிக்கையாகத்தான் சொன்னார். அப்புறம் படுக்கையில் உட்கார்ந்து, தலையணைக்கு நேரே சுவரில் உள்ளங்கையை வைத்தார்.

"தாசு, இந்த எடத்துல ஒரு சின்ன ஜன்னல் வெட்ட முடியுமாடா? பெருசா வேணாம். இவ்ளோ இருந்தா போதும்." இரண்டு கையாலும் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு காட்டினார்.

"தலமாட்டுலயா? போறவன் வர்றவன்லாம் ஒன் மூஞ்சியப் பாப்பான்."

"பாத்தா என்னடா? எழுவது தாண்டிப்போச்சு. என் மூஞ்சியத் தூக்கிட்டா போவப் போறான்?"

"மரியதாஸோட அக்கா ரோட்டுல படுத்திருக்குன்னு பேசுவாங்கக்கா. மேல பாரு, எவ்ளோ ஜன்னல். காத்து பிச்சுக்கிட்டு வருதுல்ல?"

"காத்து வருது" என்றார் அக்கா. அதற்கு மேல் கேட்கவில்லை.

கட்டர் மிஷின் ஜீப்பின் பின்சீட்டில்தான் கிடந்தது. வேலை ஆரம்பித்திருந்தால் காப்பி ஆறுவதற்குள் முடிந்திருக்கும்.

இரண்டாம் நாள் அம்பகரத்தூர். கோயிலுக்குக் கொஞ்சம் தள்ளி, பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே புளியமரத்து நிழலில் போட்டேன். இட்லி நன்றாக இருந்தது, கார சட்னி அதைவிட. பிரான்சில் காலையில் ரொட்டியைக் காப்பியில் முக்கிச் சாப்பிடுவார்கள், எனக்கு அது ஆஸ்பத்திரிச் சாப்பாடு போல இருந்தது. அக்கா நாலு இட்லி சாப்பிட்டார். சாப்பாடு பிடிக்கிறது, பேச்சுத்துணை பிடிக்கிறது, தூக்கம் மட்டும்தான் பாக்கி என்று நான் தைரியமாக இருந்தேன்.

சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் கேரவன் கதவுக்கு முன்னால் வரிசை. முன்னால் நின்ற பெரியவர் விரலை நீட்டிக்கொண்டு, "சுகர் பாக்குறது எப்ப தொறப்பீங்க? வெறும் வயித்தோட வந்திருக்கேன்" என்றார்.

"இது ஆஸ்பத்திரி வண்டி இல்லிங்க, வீடு."

"வீடுங்குறீங்க, ஜன்னலையே காணுமே?"

"மேல பாருங்க, இருக்கு."

பெரியவர் அண்ணாந்து பார்த்தார். "அது லேபுக்கு வெக்கிற மாதிரில்ல இருக்கு" என்று சொல்லிவிட்டு, ஏமாற்றத்தோடு விரலை மடக்கிக்கொண்டு டீக்கடைக்குப் போனார். அக்கா அவருக்குப் பரிந்து, "பாவம்டா, பசியோட வந்திருக்காரு, ஒரு டீயாவது வாங்கிக் குடு" என்றார். வாங்கிக் கொடுத்தேன். சர்க்கரை தூக்கலாகப் போடச் சொல்லிக் குடித்தார்.

அன்று சாயங்காலம் அக்கா உள்ளே படுத்துப் பார்த்தார். நான் வெளியே மடக்குக் கட்டிலில். பஸ் வரும், ஆட்கள் இறங்குவார்கள், செருப்புச் சத்தம், குழந்தை அழுகை. உள்ளேயிருந்து அக்காவின் குரல்: "தாசு, இப்ப யாரு போறது?"

"யாரோ ஒரு பொம்பள, பையோட."

கொஞ்ச நேரம் கழித்து, "இப்ப யாருடா?"

"ஆடுக்கா. ஆட்ட ஓட்டிக்கிட்டு ஒருத்தன் போறான். எதுக்குக் கேக்குற?"

"சும்மாதான்."

இன்றைக்குத்தான் எனக்குப் புரிகிறது. உள்ளே படுத்துக்கொண்டு என் வாயையே ஜன்னலாக்கிப் பார்த்திருக்கிறார். நான் மூன்றாவது தடவை, "தூங்குக்கா, தொணதொணக்காத" என்றேன்.

மூன்றாம் நாள் வேளாங்கண்ணி. அக்கா ஜீப்பில் முன்சீட்டில் எனக்குப் பக்கத்தில், கண்ணாடியை இறக்கிவிட்டு. காரைக்கால் எல்லை முடியும் வாஞ்சூரில் செக்போஸ்ட். எங்கள் ஊரில் பாட்டில் விலை குறைச்சல் என்பதால் வெளியே போகும் வண்டிக்கெல்லாம் சோதனை உண்டு. என் வண்டியைப் பார்த்ததும் போலீஸ்காரருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"ஓரம் கட்டுங்க பெரியவரே. உள்ள என்ன?"

"கட்டில்."

"கட்டிலுக்கு எதுக்கு இவ்ளோ மறைப்பு? ஜன்னல் எங்க?"

வழக்கம்போல மேலே காட்டினேன். அவர் கேரவன் சக்கரத்தின் மேல் ஏறி எட்டிப் பார்த்தார், கொசுவலைக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. கதவைத் திறந்து, மெத்தையைத் தூக்கி, கட்டிலுக்கு அடியில் தட்டி, கடைசியில் தண்ணீர்க் குழாய்க்குள் விரலை விட்டு மோந்து பார்த்தார். மீன் வாசனை அடித்திருக்கும். முகத்தைச் சுளித்தார்.

"யாருக்காக இப்படி ஒரு வண்டி கட்டினீங்க?"

"எங்க அக்காவுக்கு."

அவர் ஜீப்புக்குள் பார்த்தார். "அம்மா, நீங்க என்ன தப்பு பண்ணுனீங்க?"

"இவனுக்கு அக்காவாப் பொறந்தேன் சார்" என்றார் அக்கா.

போலீஸ்காரர் சிரிக்க, பிலோமி சிரிக்க, அக்கா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். இந்தியா வந்த பிறகு அப்படிச் சிரித்தது அன்றைக்குத்தான். நான் சிரிக்கவில்லை. என் வேலையை ரோட்டில் வைத்து ஒருவர் குடைந்து பார்த்ததும், அதற்கு என் வீட்டுக்காரர்களே சிரித்ததும் எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. நாகூர் தாண்டும்போது அக்காவின் தலை ஜீப் ஜன்னலோரம் சாய்ந்து லேசாகக் குறட்டை வந்தது. பார்த்தேன். பயணக் களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

வேளாங்கண்ணியில் மாதாவைப் பார்த்தோம். மெழுகுத்திரி ஏற்றும்போது அக்கா என்ன வேண்டினார் என்று கேட்கவில்லை, அது எனக்குத் தெரியும். மத்தியானம் வறுத்த வஞ்சிரம். பிறகு கூட்டத்தைத் தாண்டிக் கடலோரமாக, சவுக்கு மரங்களுக்குப் பக்கத்தில், கதவு கடலைப் பார்க்க, தலமாடு வடக்கே போகாமல், குழாய் மணலைப் பார்க்க, எல்லாம் சரியாக நிறுத்தினேன். பிரான்சில் ஏரிதானே, இது கடல். இங்கே தூக்கம் வராவிட்டால் வேறெங்கே வரும் என்று பிலோமியிடம் சவால் விட்டேன்.

விடிந்து எழுந்து பார்த்தால் கேரவன் கதவு திறந்து கிடந்தது. உள்ளே பிலோமி மட்டும். மெத்தையில் அக்கா படுத்த தடமே இல்லை. கடல் பக்கம் ஓடினேன். அப்புறம்தான் ஜீப்பைப் பார்த்தேன். முன்சீட்டில் கால்களை மடக்கி, சேலைத் தலைப்பைப் போர்த்திக்கொண்டு, இறக்கிவிட்ட கண்ணாடியின் ஓரத்தில் கன்னத்தை வைத்து அக்கா அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. முகத்துக்கு நேரே வலை இழுக்கப் போகிறவர்களின் கால்கள் போய்க்கொண்டிருந்தன.

அந்த முகத்தைப் பார்த்த எவனும் மறு வார்த்தை பேசாமல் தள்ளிப் போயிருப்பான். மாசக்கணக்கில் வராத தூக்கம் அது. நான் கதவைத் தட்டினேன்.

"என்னக்கா இது? அவ்ளோ பெரிய கட்டில் கட்டி வெச்சிருக்கேன், டிரைவர் சீட்டுப் பக்கத்துல மடங்கிக் கெடக்குற?"

அக்கா திடுக்கிட்டு விழித்தார். "இல்லடா... சும்மா உக்காந்தேன், கண்ணு சொக்கிருச்சு..."

"ஊரே பாக்குது. தம்பி கட்டுனது புடிக்கலன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லிடு. ஜீப்பு சீட்டுலதான் தூக்கம் வரும்னா பிரான்சுல ஒரு ஓட்டக் காரு வாங்கிப் போட்டு அதுல போயிப் படுக்க வேண்டியதுதான? எதுக்கு இவ்ளோ தூரம் வந்த?"

வலைக்காரர் ஒருவர் நின்று பார்த்துவிட்டு நடந்தார். பிலோமி கதவருகே வந்து, "ஏங்க, என்ன பேச்சு பேசுறீங்க" என்றாள். அக்கா மெதுவாகக் கால்களை நீட்டி இறங்கினார். மரத்துப்போயிருக்கும், கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, "காப்பி வாங்கிட்டு வாடா. தலைய வலிக்குது" என்றார்.

வாங்கி வந்தேன். மன்னிப்பு என்ற வார்த்தை எனக்கு வராது. கூட ஒரு பன் வாங்கி வந்தேன். பாதியைப் பிட்டு என்னிடமே கொடுத்தார்.

திரும்பும் வழியில் அக்கா ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டு நேராக ரோட்டைப் பார்த்துக்கொண்டே வந்தார். தூங்கவில்லை. வாஞ்சூரில் அதே போலீஸ்காரர் கையசைத்துப் போகச் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்த மறுநாள் அக்கா சொன்னார்: "இல்லத்துல எடம் கெடச்சிருச்சாம்டா. மிஷேல் வரச் சொல்றான்."

'இங்கேயே இரு அக்கா' என்று ஒரு சொல் போதும். அதற்குப் படிப்பு வேண்டாம். அக்கா அதற்காகத்தான் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார் என்று இப்போது தெரிகிறது. நான், "சரி, மெட்ராஸ் வரைக்கும் நல்ல காரா ஏற்பாடு பண்றேன்" என்றேன்.

போகும்போது அக்கா பட்டறைப் பக்கம் போய், கேரவனின் தகட்டை இன்னொரு தரம் தடவிக் கொடுத்தார். "நல்லாத்தாண்டா கட்டியிருக்க" என்றார். குத்திக் காட்டவில்லை. அதுதான் தாங்கவில்லை.

போன பிறகு கேரவனை விற்றுவிட நினைத்தேன். கேட்டு வந்தவர்களும் உண்டு, ஒருவர் நடமாடும் கோழிக்கடை வைக்க. ஏனோ மனம் வரவில்லை. ஒரு நாள் காலையில் கட்டரை எடுத்துக்கொண்டு உள்ளே ஏறினேன். அக்கா உள்ளங்கையை வைத்துக் காட்டிய இடம் எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு. வெட்டி, ஓரத்துக்கு ரப்பர் கொடுத்து, தெளிந்த கண்ணாடி மாட்டினேன். கிரில் போடவில்லை. என் கையால் கிரில் இல்லாமல் போட்ட முதல் ஜன்னல் அது. கட்டிலுக்குக் கால்மாட்டில் கட்டை கொடுத்துச் சமன் செய்தேன். அடியில் ஒரு டாங்கியும் மாட்டினேன். வெய்யில் ஏறுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

பிலோமி வந்து பார்த்தாள். "இத அன்னைக்கே பண்ணியிருக்கலாமுல்ல" என்று சொல்வாள் என்று நினைத்தேன். சொல்லவில்லை. மெத்தையைத் தட்டிப் போட்டுவிட்டுப் போனாள்.

சாயங்காலம் படுத்துப் பார்த்தேன். பட்டறை வாசல் தெரிந்தது. ஒரு கோழி. பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளின் முட்டிக்குக் கீழே, ஒன்றின் செருப்பு வார் அறுந்து தேய்த்துக்கொண்டே போனது. பிலோமி குடத்தோடு போனாள். அவள் குதிகால் வெடிப்பு இவ்வளவு ஆழம் என்று இத்தனை வருடத்தில் நான் பார்த்ததில்லை.

அக்காவுக்கு வீடியோ போட்டேன். இல்லத்து அறையில், கட்டிலில் சாய்ந்திருந்தார். அங்கே மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரமாம். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"தூக்கம் எப்படிக்கா?"

"வரும்போது வருது. ஜன்னல் இருக்கு, தொறக்கத்தான் முடியாது. எதிர்ல செவுருடா."

"அக்கா, இத பாரு." போனைத் திருப்பிப் புது ஜன்னலுக்கு நேரே, தலையணை மேல் வைத்துப் பிடித்தேன். "நானே வெட்டுனேன். ரப்பர் பீடிங் பாரு, ஒரு சொட்டு உள்ள வராது. இந்தக் கண்ணாடி இருக்கே..."

"தாசு."

"என்னக்கா?"

"பேசாதடா. அப்படியே புடி."

பிடித்தேன். ஒரு சைக்கிள் போனது. கோழி திரும்ப வந்து மண்ணைக் கிளறியது. கைலி கட்டிய யாரோ நின்று, பீடி பற்றவைத்து, நடந்தார். ஒரு பெண் குழந்தை நொண்டியடித்துக்கொண்டே போனது, அதன் அம்மா பின்னாலேயே. போனில் அக்காவின் மூச்சு கேட்டது. முதலில் விட்டு விட்டு, அப்புறம் நீளமாக, அப்புறம் நாகூர் ரோட்டில் கேட்ட அந்த லேசான குறட்டை.

பிலோமி காப்பி குடிக்கக் கூப்பிட வந்து, கதவில் நின்றாள். வாய் திறக்கப் போனவளை வேண்டாம் என்று தலையசைத்து நிறுத்தினேன். கை கடுத்தது. மாற்றிப் பிடித்தால் படம் ஆடும். அந்தக் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தேன்.